நான் ஆஸ்பத்திரிக்குத் தரகு பேசிய கதை

பஸ் ஜன்னலை மூடாதீங்க தம்பி. மூடினால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. கூடப்பிறந்த அண்ணன், எதிர் வீடு. ஒரு முருங்கைக் கிளை விஷயமாக அவனோடு பேச்சை விட்டேன். அந்த மரம் பட்டுப்போய், விறகாகி, அடுப்பில் எரிந்து சாம்பலாகவும் ஆகிவிட்டது. நான் இன்னும் பேசவில்லை. கோபத்தைக் காப்பாற்றுவது என்றால் சும்மா இல்லை. கறவை மாடு மாதிரி. தினமும் கவனிக்க வேண்டும்.

பேரப்பிள்ளை உண்டா என்று கேட்டீங்க. உண்டு. ஆண் பிள்ளை. ஆனால் அவனை ஒரே ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக் கூடாது. என் அண்ணனுக்கு வரலாம். எல்லாம் என் மருமகளால் வந்தது.

நான் ஆடு மாடு தரகன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அந்த வாத்தியார் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு, அது கிடக்கட்டும். மருமகள் பேர் பொன்சித்ரா. நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. அவள் அப்பன்தான் சரியில்லை. தங்கமாரி என்று பேர். பக்கத்து ஊரில் நெல் அரைக்கிற மில் வைத்திருக்கிறான். கல்யாணப் பந்தியில் எனக்கு நொறுங்கின அப்பளம் வைத்தான் தம்பி. மாப்பிள்ளையைப் பெற்றவனுக்கு! ஊர்க்காரன் இலையில் எல்லாம் பௌர்ணமி. என் இலையில் மட்டும் தேய்பிறை. அன்றைக்கு விட்டதுதான் பேச்சு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொன்சித்ரா உண்டானாள். வளைகாப்புக்கு வளையல் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. வளையல் போடுவதற்கு முன்னாலேயே பையன் வந்துவிட்டான். ஏழாம் மாதம். அவசரக்காரன், என் வம்சம்தானே. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தான். பிறந்த வெள்ளாட்டுக் குட்டியே இரண்டு கிலோ இருக்கும் தம்பி. நான் தொழில்காரன், எனக்குத் தெரியும். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெற்றவள் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, ஒரு நிமிஷம் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு நிமிஷம் இரண்டு மாதம் ஆயிற்று.

நான் போய்ப் பார்க்காமல் இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு, தெம்பு வேண்டுமே என்று நாட்டுக்கோழி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். உயிரோடுதான். செத்த கோழிக்கு என்ன மரியாதை? வாசலில் வாட்ச்மேன் மறித்தான்.

“பெருசு, உங்களுக்கு பாஸ் இருக்கு. கோழிக்கு பாஸ் இருக்கா?”

அவன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இடது புருவத்தில் வெட்டுக்காயம். என்றைக்காவது சந்தைப்பக்கம் வராமலா போவான்?

கோழியை அவனிடமே கொடுத்துவிட்டு மேலே போனால், பிள்ளைகள் இருக்கிற அறைக்கு வெளியே ஒரு இரும்பு நாற்காலியில் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே ஏதாவது மெஷின் கத்தும். உடனே எழுந்து நிற்பாள். நர்ஸ் வெளியே வந்து வேறு யார் பேரையாவது சொல்லிக் கூப்பிட்டால் உட்கார்ந்துகொள்வாள். மறுபடி கத்தும், மறுபடி நிற்பாள்.

“ஏம்மா, இன்ஸ்பெக்டர் வந்த பள்ளிக்கூடம் மாதிரி எதுக்கு எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றே?” என்று கேட்டேன்.

மெஷின் கத்தியது, எழுந்து நின்றாள். மாமனார் கேட்டு மருமகள் பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை. மனசில் போட்டுக்கொண்டேன்.

பிறகு பிள்ளை தேறினான். வீட்டுக்கு வந்தான். நான் வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். மருமகள் என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“மாமா, சோப்புப் போட்டீங்களா?”

போட்டுவிட்டு வந்தேன்.

“முழங்கை வரைக்கும் போடணும் மாமா.”

முழங்கை வரைக்கும் போட்டேன். தோள் வரைக்கும் போட்டேன். வேட்டி நனைந்துவிட்டது. திரும்பி வந்தால், “மாமா, லேசா இருமினீங்களே” என்று கதவைச் சாத்திவிட்டாள். நான் இருமவில்லை தம்பி. தொண்டையைச் செருமினேன். செருமலுக்கும் இருமலுக்கும் வித்தியாசம் இல்லையா? என் துண்டை எடுத்துப்போய் வெந்நீரில் போட்டு அவித்தாள். துண்டு என்ன, இட்லியா?

என்னை மட்டும்தான் இப்படி நடத்துகிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. என் வீட்டுக்காரி சொர்ணத்துக்கும் அதே கதிதான். என் மகன் ஜெயமுருகன், பிள்ளையைப் பெற்ற தகப்பன், அவனே அவள் உத்தரவு இல்லாமல் தொட முடியாது. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிலைப் பார்த்தபடியே இருப்பாள். சோறு காய்ந்து போகும். மாதங்கள் போயின. பையன் பூசணிப்பிஞ்சு மாதிரி கொழுகொழு என்று ஆகிவிட்டான், இவள் கொடி மாதிரி ஆகிவிட்டாள். பிள்ளைதானே குறைமாசம்? இவளுக்கு என்ன குறை? இதைத்தான் நான் எல்லோரிடமும் கேட்டேன்.

அவளைச் சமாதானம் பண்ண நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். அதுதான் வினையாகிப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் எப்போது பார்த்தாலும் எடை, எடை என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்? இப்போதெல்லாம் சந்தையில் ஆட்டை உயிரோடு எடைபோட்டு விற்கிறார்கள். அதற்காக நான் கரண்ட்டில் சார்ஜ் ஏற்றுகிற தொங்குதராசு ஒன்று புதுசாக வாங்கியிருந்தேன். எடை சரியாக நின்றதும் பீப், பீப், பீப் என்று கூவும். அதற்கே சந்தையில் எனக்குத் தனி மரியாதை. மருமகள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பிள்ளை தொட்டிலில் தூங்குகிறான். பிள்ளையை நான் தொடவில்லை தம்பி, சத்தியமாகத் தொடவில்லை. தராசைத் தொட்டிலுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டி, முதலில் ஒரு பூசணிக்காயைத் தொங்கவிட்டு வெள்ளோட்டம் பார்த்தேன்.

பீப், பீப், பீப்.

பின்கட்டில் வாளி உருண்டது. ஈரக் கையோடு ஓடி வந்தாள் பாருங்க, என்னைத் தாண்டி, பூசணிக்காயைத் தாண்டி, தொட்டிலுக்குள் கையைவிட்டு அள்ளினாள். நிம்மதியாகத் தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டுகிறாள். “மூச்சு விடு. மூச்சு விடுடா கண்ணு. விட்றா.” சுண்டிச் சுண்டிப் பிள்ளை முழித்து, தெருவே கேட்கிற மாதிரி அலறுகிறான்.

“அழுறான்ல! மூச்சு விடாமலா அழுவான்?” என்றேன்.

அவள் காதில் விழவில்லை. கண் திறந்துதான் இருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் கூடத்தில் தனியாக நிற்கிறேன். பூசணிக்காய் நாலு கிலோ இருநூறு. அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

சாயங்காலம் சொர்ணம் தராசைக் கழற்றி மாட்டுத்தொழுவத்தில் வைத்துவிட்டாள். என்னையும் அங்கேயே இருக்கச் சொன்னாள்.

“பச்ச உடம்புக்காரி இருக்கிற வீட்டுல ஆட்டுத் தராசைக் கொண்டாந்து மாட்டுறீரே, உமக்கு அறிவு எந்தச் சந்தையில வித்துப்போச்சு?”

“எடை பார்க்கிறது ஒரு குத்தமா?”

“உம்ம மூளையை முதல்ல அதுல வச்சுப் பாரும். பீப்புக்கூடக் கேக்காது.”

ஊசி போட வருகிற நர்சம்மா அவளைப் பார்த்துவிட்டு ஜெயமுருகனிடம் ஏதோ சொல்ல, அவன் பெண்டாட்டியை மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனான். பிள்ளை டாக்டர் இல்லை. மனசு டாக்டர். திரும்பி வந்து என்னிடம் விளக்கினான்.

“குறைமாசத்துல பெத்த நிறையப் பேருக்கு இப்படி வருதாம்பா. அங்க பட்ட பயம் இன்னும் இறங்கல. பிள்ளை வீட்டுக்கு வந்துட்டான், இவ இன்னும் அந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கா. அங்க பிள்ளை மூச்சு விட மறந்தா மெஷின் கத்துமாம், நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டுவாங்களாம். எந்த மெஷின் கத்தினாலும் நம்ம பிள்ளைக்குத்தான்னு எந்திரிச்சு நிக்கிறா. அவ வேணும்னு செய்யலப்பா.”

“அப்படின்னா அந்த நாற்காலியை விலை பேசி வாங்கிட்டு வந்துருவோம்” என்றேன்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். நல்ல யோசனை சொன்னால் இந்த வீட்டில் அதுதான் நடக்கும். வாரா வாரம் மதுரைக்குப் போய் அந்த டாக்டரம்மாவோடு பேசிவிட்டு வந்தாள் மருமகள். பேசுவதற்கு ஒரு டாக்டர்! நான் வீட்டிலேயே இருக்கிறேன், நாள் முழுக்கப் பேசுகிறேன், என்னிடம் ஒரு வார்த்தை பேசினாளா?

ஆனால் ஒன்று. போய் வரப் போய் வர, கொஞ்சம் சோறு சாப்பிட்டாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போதுதான் சொர்ணம், “பிள்ளையைத் தவிட்டுக்கு வித்திருவோம்” என்றாள்.

நீங்க டவுன்காரர் மாதிரி இருக்கீங்க, தெரியுமோ தெரியாதோ. தக்காமல் போய்விடுமோ என்று பயந்த பிள்ளையை எங்கள் பக்கம் தவிட்டுக்கு விற்பார்கள். ஒரு முறம் தவிடு கொடுத்து வெளியாள் யாராவது பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். தெருவரைக்கும் தூக்கிப்போய், “இது என் பிள்ளை” என்று சொல்ல வேண்டும். பிறகு பெற்றவள் கேட்டு வாங்கிக்கொள்வாள். எமன் பார்ப்பான். அட, இது தவிட்டு விலைச் சரக்கு, இதைப் போய் யார் தூக்குவது என்று விட்டுவிட்டுப் போய்விடுவான். எமனை ஏமாற்றுகிற வியாபாரம் அது. ஒவ்வொரு ஊரிலும் தவிட்டான் என்று பேர் வைத்த கிழவன் ஒருவன் இருப்பான், நல்ல ஆயுசோடு.

எனக்கு உடனே மண்டையில் விளக்கு எரிந்தது. வாங்குகிறவன் கையில் பிள்ளையைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

“நான் வாங்குறேன்” என்றேன்.

“தாத்தா எப்படிய்யா வாங்குறது? வெளியாளுதான் வாங்கணும்.”

“இந்த வீட்டுல என்னைவிட வெளியாள் யாருடி?”

பொன்சித்ராவிடம் ஜெயமுருகன் பேசினான். அவள் ரொம்ப யோசித்துவிட்டு, “என் கண்ணு முன்னாடிதான். தெருவுக்குப் போகக் கூடாது” என்றாளாம். போதும், எனக்கு மடியில் வந்தால் போதும்.

தவிடு வேண்டுமே. மாட்டுக்கு இப்போது மூட்டைத் தீவனம்தான் போடுகிறோம். சுற்று வட்டாரத்தில் தவிடு கிடைக்கிற ஒரே இடம் தங்கமாரி மில். சொர்ணத்தைப் போகச் சொன்னேன். “வாங்குறவர்தான் தவிடு கொண்டு வரணும்” என்று சட்டம் பேசினாள். போனேன். மில்லுக்குள் நின்றேன். தங்கமாரி எதிரே நிற்கிறான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மில்லைப் பார்த்துச் சொன்னேன்.

“ஏ மில்லு, எனக்கு ஒரு முறம் தவிடு வேணும்.”

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. மில்லைப் பார்த்தே கேட்டான். “ஏ மில்லு, எதுக்குன்னு கேளு.”

“பேரனைத் தவிட்டுக்கு வாங்கப் போறேன்னு சொல்லு மில்லு.”

அவ்வளவுதான், மில்லை நிறுத்திவிட்டான். சத்தம் அடங்கியதும் பார்க்கிறேன், முகமெல்லாம் தவிட்டுத் தூசி, கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. “எம்பொண்ணு சிரிச்சு எம்புட்டு நாளாச்சு சம்பந்தி” என்றான். நேராக என்னிடமே சொல்லிவிட்டான். பேச்சை விட்டிருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டான், அறிவில்லாதவன். ஒரு முறம் கேட்டதற்கு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை. வாசலில் பாய் விரித்து, முறத்தில் தவிட்டைக் குவித்து வைத்தார்கள். மூட்டைக்குப் பக்கத்தில் தங்கமாரி. நான் முழங்கைக்கும் மேலே சோப்புப் போட்டு, அவித்த துண்டைத் தோளில் போட்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருமகள் பிள்ளையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் முறத்தை அவள் பக்கம் தள்ளினேன். மடியைச் சரி செய்துகொண்டு கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை.

கொடுக்கத்தான் பார்த்தாள். கை முன்னால் வருகிறது, பிள்ளை வரவில்லை. விரல் எல்லாம் வெளுத்துப்போய்விட்டது. “சும்மா ஒரு நிமிஷம்தாம்மா” என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் பிள்ளையை அப்படியே நெஞ்சோடு சேர்த்துக் குனிந்துகொண்டாள். ஜெயமுருகன் என்னை முறைக்கிறான். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

“வேணாம் விடும்மா” என்றான் தங்கமாரி. யார் வியாபாரத்தை யார் கலைப்பது! நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தலை நிமிர்ந்தாள்.

“நான் விக்கல மாமா. நான் வாங்கிக்கிறேன்.”

“உன் பிள்ளையை நீயே எப்படிம்மா வாங்குவே?”

“என் பிள்ளைன்னு எனக்கே தோணலியே மாமா. அங்க ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் தொட்டேன். ‘தொடலாமா சிஸ்டர், தொடலாமா சிஸ்டர்’னு. வீட்டுக்கு வந்தும் யார்கிட்டயோ கேக்கணும்னே இருக்கு. எப்ப வந்து திருப்பிக் கேப்பாங்கன்னே இருக்கு. நான் விலை கொடுத்து வாங்கிடறேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வியாபாரம் என்றால் வியாபாரம். “அப்ப விக்கிறது யாரு?” என்றேன்.

“ஆஸ்பத்திரி. அவங்களுக்காக நீங்க பேசுங்க.”

பாருங்க அநியாயத்தை! என் கோழியை வாங்கி வைத்துக்கொண்ட ஆஸ்பத்திரிக்கு நான் தரகு பேச வேண்டுமாம். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். ஆனால் தோளில் துண்டு கிடக்கிறது. எதிரே வாங்குகிற ஆள் உட்கார்ந்திருக்கிறது. தரகன் புத்தி விடுமா? துண்டை உதறி என் வலது கை மேல் போட்டு நீட்டினேன். “உள்ளே கையை விடும்மா. ஒரு விரலைப் பிடிச்சா ஒரு படித் தவிடு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு. வாயால விலை சொல்லக் கூடாது” என்றேன். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். என்ன விலைக்குப் படிந்தது என்று பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாது.

இடது கையில் பிள்ளை. வலது கையைத் துண்டுக்குள் விட்டாள்.

நான் தொழிலை விடவில்லை. “நல்ல சுழி. கால் சுத்தம். பல்லு இன்னும் போடல, இளங்கன்னு” என்று சரக்கைத் தூக்கிப் பேசினேன்.

“மூக்கு சப்பையா இருக்கே. தாத்தா மூக்கு. விலையைக் குறைங்க” என்றாள்.

தங்கமாரி கெக்கெக்கே என்று சிரித்தான். அதற்கும் ஒரு நாள் பதில் சொல்வேன். நான் ஒரு விரலை நீட்டினேன். தவிட்டுப் பிள்ளைக்கு ஒரு படியே போதும். அவள் அந்த விரலைப் பிடிக்கவில்லை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். இத்தனை வருஷத் தரகில், வாங்குகிறவன் தானாக விலையை ஏற்றி நான் பார்த்ததில்லை. கை ஐஸ் மாதிரி இருந்தது. விடவே இல்லை. துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது, அது தொழில் தர்மம். நீங்க அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவீங்க என்பதால் சொல்கிறேன்.

“படிஞ்சுது” என்று சத்தமாகச் சொன்னேன். “அஞ்சு படி. ஆஸ்பத்திரிக்கு இனிமே பாத்தியதை கிடையாது. திருப்பிக் கேட்டு எவன் வந்தாலும் என்கிட்ட வரட்டும்.”

“அஞ்சு படி என்ன, மூட்டையே கிடக்கு, கொட்டும்மா” என்றான் தங்கமாரி. அவள் முறம் முறமாக அள்ளி என் முன்னால் கொட்டினாள். என் வேட்டியெல்லாம் தவிடு. மூக்கெல்லாம் தவிடு. தும்மல் வருகிறது, தும்மினால் கதவைச் சாத்துவாளே என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, தாத்தா அழுகிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள் சொர்ணம்.

கடைசியில் பிள்ளை அவளிடமே இருக்கிறான். தவிடு என்னிடம். எவ்வளவு மோசமான வியாபாரம் பாருங்க.

ஒரேயடியாக மாறிவிட்டாள் என்று நினைக்காதீங்க. அடுத்த வாரமும் மதுரைக்குப் போனாள். இன்னும் போகிறாள். குக்கர் விசில் அடித்தால் இன்றைக்கும் தூக்கிவாரிப் போடும். எல்லாம் அந்த டாக்டரம்மாவின் கைராசி என்கிறார்கள் வீட்டில். தரகனுக்கு எந்தக் காலத்தில் பேர் கிடைத்திருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை. நான் தொழுவத்துப் பக்கம் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். மருமகள் வந்து நின்றாள். தலையில் எண்ணெய். இடுப்பில் பிள்ளை.

“மாமா, சோப்புப் போட்டீங்களா?”

“முழங்கை வரைக்கும்” என்றேன்.

“கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. தலைக்கு ஊத்திட்டு வந்துடறேன்.”

கொடுத்துவிட்டாள், தம்பி. அப்படியே என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டேன். மூக்கில் ஈ உட்கார்ந்தது, ஓட்டவில்லை. குளியலறைக் கதவு திறந்தது. தலை நிறைய சீயக்காயோடு எட்டிப் பார்த்தாள். போனாள். மறுபடி திறந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் பார்த்தாள். எத்தனை காளையை நான் கைமாற்றிவிட்டிருக்கிறேன், என் மேல் நம்பிக்கை இல்லை. போனாள்.

அப்புறம் கதவு திறக்கவே இல்லை.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஊற்றுகிறாள், ஊற்றுகிறாள், ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். நடுவில் ஏதோ பாட்டு வேறு. தொட்டித் தண்ணீர் முழுக்கக் காலி. எனக்குத் தொடை மரத்துப்போய்விட்டது, இடுப்பு பிடித்துக்கொண்டது, பிள்ளை வேட்டியை நனைத்துவிட்டான். கூப்பிடலாம் என்றால் இவன் முழித்துவிடுவான். ஒரு கிழவன் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, சீக்கிரம் போய் வாங்கிக்கொள்வோம் என்று ஒரு மருமகளுக்குத் தோன்ற வேண்டாமா?

வெயில் ஏறி முற்றத்துக்கு வந்த பிறகுதான் வந்தாள். வந்து, “மறந்தே போயிட்டேன் மாமா” என்று சிரிக்கிறாள்.

மறந்துபோனாளாம்! அந்தக் கோபத்தை நான் சாகிற வரைக்கும் விடமாட்டேன், தம்பி.